காத்தவன் தலையில் கட்டிய கடன்

திண்டுக்கல் மாவட்டம் நத்தம் வட்டத்துக் காசம்பட்டியில் வீரகோயில் காடு இருக்கிறது. 4.97 ஹெக்டேர். நம்ம கணக்கில் பன்னிரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. 2025 மார்ச்சில் அதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அரசு அறிவித்தது. மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டிக்கு அடுத்து தமிழ்நாட்டில் இரண்டாவது. பேப்பரில் படம் வந்தது. 48 வகைத் தாவரம் என்றார்கள், 12 வகைப் பறவை என்றார்கள். சுற்றியிருக்கிற மாந்தோப்புகளில் பூ பிஞ்சாவதற்கு அந்தக் காட்டில் அடையும் பூச்சிகள் உதவுகின்றன என்றும் எழுதினார்கள். எல்லாம் சரி. ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. சுற்றுவட்டாரமெல்லாம் மொட்டையானபோது இந்தப் பன்னிரண்டு ஏக்கர் மட்டும் எப்படித் தப்பியது?

பல்லுயிர்ச் சட்டம் வந்தது 2002இல். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972இல். இரண்டும் வருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்னாலேயே அங்கே ஒரு சட்டம் நடந்துகொண்டிருந்தது. காட்டில் குடியிருக்கும் கருப்பசாமி போட்ட சட்டம். மரத்தில் அரிவாள் படக் கூடாது, அவ்வளவுதான். மழைக்காலத்தில் ஈர விறகைத் திணித்து ஊதி ஊதிக் கண் கரித்த பெண்கள், கூப்பிடு தூரத்தில் நின்ற காட்டின் மேல் கை வைக்கவில்லை. வட்டிக்கு வாங்கி மகளைக் கட்டிக்கொடுத்த சம்சாரி, அதில் நாலு மரத்தை விற்றால் கடன் அடையுமே என்று யோசிக்கவில்லை. பயம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பக்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள். சம்பளம் கிடையாது, ஜீப் கிடையாது, காக்கிச் சட்டையும் கிடையாது.

அந்தச் சனத்துக்கு இன்றைக்கு என்ன மரியாதை நடக்கிறது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எனக்குக் கரந்தமலை அடிவாரத்தில் தோப்பு. நத்தத்துக்காரன் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். சிறுமலை ஒரு பக்கம், அழகர்மலை ஒரு பக்கம், கரந்தமலை ஒரு பக்கம். அடிவாரமெல்லாம் மா. கல்லாமை, காசா, செந்தூரம், ஓரமாக அப்பா காலத்துச் சப்பட்டை. பட்டுப்போன மரங்களுக்குப் பதிலாக ஒட்டுக்கன்று வைத்து, கோடையில் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி, ஆள் உயரத்துக்குக் கொண்டுவந்திருந்தேன். ஒரு ராத்திரி காட்டுமாடு இறங்கியது. ஒன்றிரண்டு இல்லை, கூட்டம். ஒரு காளை ஒரு டன் வரைக்கும் இருக்கும். அது வேண்டுமென்று எதையும் செய்யத் தேவையில்லை, நடந்து போனாலே போதும். கொழுந்தைக் கடித்தது, உரசியது, முறித்தது, மிதித்தது. விடிந்து போய்ப் பார்த்தால் வேரோடு சாய்ந்த கன்றுகளும் சாணியும்தான்.

மனு எழுதினேன். சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் நகல், நேரில் பார்த்ததாக ஒரு கையெழுத்து, மதிப்புப் போட்டதாக இன்னொரு கையெழுத்து, சேதத்தின் போட்டோ. எந்த அலுவலகம், எந்த மேசை என்று சொல்லி ஒரு ஆளின் வேலையைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை. போட்டோவைப் புரட்டிப் பார்த்துவிட்டு அங்கே ஒருவர் கேட்டார், "இதுல மாடு இல்லையே?"

ராத்திரி ஒரு மணிக்கு, ஒரு டன் மாட்டை, கொஞ்சம் நில்லுப்பா என்று சொல்லி நிற்கவைத்துப் படம் எடுத்திருக்க வேண்டுமாம்.

மரம் காய்ப்புக்கு வராததால் அதற்கு மகசூல் இழப்பு கிடையாது என்றார் இன்னொருவர். நெல்லுக்கு ஒரு போகம் போனால் ஒரு போகம். மாவுக்குப் போனது ஐந்து வருஷம். அந்த ஐந்து வருஷத்தை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

காட்டுமாட்டின் மேல் எனக்குக் கோபமா என்றால், சத்தியமாக இல்லை. அது வாயில்லாத ஜீவன், அதற்கும் பசிக்கும். உலகத்தில் மிஞ்சியிருக்கிற காட்டுமாடுகளில் பெரும்பங்கு இந்தியாவில்தான் என்கிறார்கள். அதில் சில கூட்டம் எங்கள் மலையில் இருப்பது எங்களுக்குப் பெருமைதான். என் தாத்தா காலத்திலும் அது இருந்தது. ஆனால் மலைமேல் இருந்தது. மாடு மேய்க்கப் போனவர்கள் எட்ட நின்று பார்த்துவிட்டு வந்து கதை சொல்வார்கள். இப்போது அது என் தோப்பில் படுத்து அசைபோடுகிறது என்றால், மேலே என்ன நடந்திருக்கிறது?

ஏறிப் பாருங்கள். புல் இருந்த சரிவெல்லாம் உண்ணிச்செடி. பூவுக்கு அழகாக இருக்கிறதென்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரன் கல்கத்தா பூங்காவில் கொண்டுவந்து வைத்த செடி அது. குருவி தின்று எச்சம் போட்டு, காடு காடாகப் பரவி, எங்கள் மலைக்கும் வந்துவிட்டது. அது மூடிய இடத்தில் புல் முளைக்காது. காட்டுமாட்டுக்குப் புல்தான் சோறு. மழை தப்பிய வருஷம் மாசியிலேயே சுனை வற்றிவிடுகிறது. காட்டுமாட்டுக்கோ தினமும் தண்ணீர் வேண்டும். மேலே புல்லும் இல்லை, நீரும் இல்லை. கீழே என் தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, தோப்பில் கொழுந்து இருக்கிறது. நான் மாடாக இருந்தாலும் இறங்கத்தான் செய்வேன். இறங்கிய சில, இருட்டில் சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றில் விழுந்து சாகின்றன. தீயணைப்பு வண்டியும் கயிறும் வந்து தூக்குவதை ஊரே நின்று பார்க்கும். அன்றைக்கு மட்டும் எல்லாத் துறையும் வரும்.

அந்நியக் களைச்செடிகளை அகற்றிக் காட்டை மீட்க 2022இல் அரசு ஒரு கொள்கையே வெளியிட்டது. கொள்கை நல்ல கொள்கைதான். என் தோப்புக்கு மேலே இருக்கிற சரிவில் அது இன்னும் ஏறவில்லை.

அடுத்து பன்றிக் கதை. நிலக்கடலை போட்டவன், மரவள்ளி போட்டவன் எல்லாம் பல வருஷம் கத்திய பிறகு, 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் ஒரு அறிவிப்பு வந்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியை வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள் சுடலாம். ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விடலாம். ஒரு கிலோமீட்டருக்குள் சுடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது.

கேட்டு நாங்கள் சிரித்தோம். வேறென்ன செய்வது? பன்றி முதலில் இறங்குவது எங்கள் தலையில். அது எங்கள் கடலையைத் தின்று, எங்கள் வரப்பைக் கிளறி, எங்களைத் தாண்டி மூன்று கிலோமீட்டர் நடந்துபோய் அங்கே ஒருவனின் தோட்டத்தை மிதித்தால்தான் அது பிரச்சினை. அடிவாரத்துக்காரன் நிலம் பன்றிக்கு விட்ட மானியமா? காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற இடத்தில் துப்பாக்கி வேண்டாம் என்பதற்கு நியாயம் இருக்கிறது, எனக்கும் அது புரிகிறது. அப்படியானால் அந்த ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறவனுக்கு வேறு என்ன வழி என்று அதே அறிவிப்பில் ஒரு வரி இருந்திருக்க வேண்டாமா?

வேலி போடு என்பார்கள். சூரிய மின்வேலிக்கும் 2023 முதல் விதி இருக்கிறது, பதிவு இருக்கிறது, அனுமதி இருக்கிறது. அதற்கும் தப்புச் சொல்ல மாட்டேன். நேரடியாக மின்சாரத்தை இழுத்துக் கம்பியில் விடுகிறவன் செய்வது கொலை. அதில் மாடும் சாகிறது, பக்கத்துத் தோட்டத்துக்காரனும் சாகிறான். ஆனால் முறையாகப் போடப் பணம் வேண்டும். மாங்காய் விற்றுத்தான் அந்தப் பணம் வர வேண்டும். அதனால் பழைய சேலையைக் கட்டினோம். என் வீட்டுக்காரி உடுத்திக் கிழிந்ததெல்லாம் தோப்பைச் சுற்றித்தான் நிற்கிறது. மாடும் பன்றியும் கொஞ்ச நாள் மிரண்டன, பிறகு பழகிக்கொண்டன. தகரம் தட்டினோம். வெடி போட்டோம். அதற்கு ஒரு தம்பி வந்து, நல்ல பிள்ளைதான், காதோரம் சொல்லிவிட்டுப் போனான்: "அண்ணே, வெடி வேண்டாம்ணே. எதுக்காச்சும் அடிபட்டா கேஸ் உங்க மேலதான்." அவன் சொன்னது நிஜம். காட்டுமாடு காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. அதைக் கொன்றால் மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறை.

சரி, சட்டம் இவ்வளவு கண்டிப்பு என்றால் எல்லோருக்கும் கண்டிப்பாக இருக்கட்டும். மலைக்கு மிக அருகே பாறையில் வெடி வைக்கிறார்களே, அந்தச் சத்தத்தில் எந்த விலங்கும் மிரளாதா? நான் தீபாவளிக்கு மிஞ்சிய வெடியைப் போட்டால் கேஸ். கல்குவாரியில் குழி போட்டு மருந்து திணித்து வெடித்தால் அது அனுமதி பெற்ற தொழில். அதிர்வில் என் கிணற்றின் கட்டுக்கல் பிளந்தது. கிரஷர் தூசி மாம்பூவின் மேல் படிந்து பூ கருகியது. யாருடைய குவாரி என்று பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் மறுநாள் என் மேல் வழக்கு வரும், அதற்கு வக்கீல் வைக்க என்னிடம் காசில்லை. மேலூர்ப் பக்கம் கிரானைட் போனதை 2012இல் ஒரு மாவட்ட ஆட்சியர், உ. சகாயம், கணக்குப் போட்டு அரசுக்கு எழுதினார். பிறகு உயர் நீதிமன்றமே அவரை விசாரிக்கச் சொல்லி 2015இல் அறிக்கையும் வந்தது. அறுத்த மலை அறுத்ததுதான். அது திரும்ப வளராது.

சாலையையும் சொல்லிவிடுகிறேன். 2023 ஏப்ரல் 8ஆம் தேதி பிரதமர் மதுரையின் 7.3 கிலோமீட்டர் பறக்கும் பாலத்தையும், எங்கள் நத்தம் வழியாகப் போகும் 785ஆம் எண் நெடுஞ்சாலையில் 24.4 கிலோமீட்டர் நான்கு வழிச்சாலையையும் திறந்து வைத்தார். மதுரை ஆஸ்பத்திரிக்கு சீக்கிரம் போகிறோம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நத்தம் சாலை என்றால் புளியமரம் என்று இருந்தது. நத்தத்துப் புளிக்கு ஊர் ஊராகப் பேர். இரண்டு பக்கமும் கை கோத்து நின்ற மரங்களில் எத்தனை இன்று இருக்கின்றன, காரில் போகும்போது கண்ணாடியை இறக்கிவிட்டு எண்ணிப் பாருங்கள். ஒன்றுக்குப் பத்துக் கன்று என்பார்கள். கன்றில் குரங்கு ஏறுமா? நடந்து போகிற கிழவி அதன் நிழலில் உட்கார முடியுமா? இந்தச் சாலை அழகர்மலைக்கும் சிறுமலைக்கும் நடுவே ஓடுகிறது. மலைக்கு மலை நடந்து பழகிய விலங்கு ராத்திரி வந்து நின்று, லாரி விளக்கில் கண் கூசி, திரும்பி எந்தத் தோப்புக்குள் நுழையும் என்று நினைக்கிறீர்கள்?

இதே மாவட்டத்தில் திண்டுக்கல்லைச் சுற்றி இதைவிடப் பெரிய பாவம் நடந்தது. தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவு இறங்கிக் கிணறு கிணறாகத் தண்ணீர் உப்பாகிப்போனது. 1996 ஆகஸ்ட் 28இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதில் வட ஆற்காடு மட்டுமல்ல, திண்டுக்கல்லின் பெயரும் இருக்கிறது. தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும், கெட்டதைச் சீராக்கும் செலவும் அவனுடையதே. இந்தியா முழுக்க இன்று சுற்றுச்சூழல் வழக்குகளில் எடுத்துக்காட்டுகிற தீர்ப்பு அது. எங்கள் மாவட்டத்துத் தண்ணீரைக் கொடுத்து நாடு வாங்கிய நீதி. அந்த நீதி திண்டுக்கல்லிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிற நத்தத்துக்கு வந்து சேர இன்னும் எத்தனை வருஷம் ஆகும்? இங்கே மலையைக் கெடுத்தவன் ஒருவன், அதற்கு ஈடு கட்டுகிறவன் தோப்புக்காரன்.

படித்தவர்கள் சிலர் என்னிடம் திருப்பிக் கேட்பார்கள். நீங்கள் மட்டும் யோக்கியமா? மாம்பூவுக்கு மருந்தடித்துத் தேனீயைக் கொல்லவில்லையா? போர் போட்டு நிலத்தடி நீரை உறிஞ்சவில்லையா? அடித்தோம், போட்டோம். தத்துப்பூச்சி பூவில் இறங்கினால் தோப்பு முழுக்கத் தேன் ஒழுகிக் கரும்பூசணம் பிடித்துவிடும். மருந்துக்கடைக்காரர் சொன்னதுதான் எங்களுக்குப் படிப்பு, அதை விட்டு வேறு படிப்பு சொல்லித்தர யாரும் வரப்பு ஏறி வரவில்லை. கண்மாய் வரத்துக்கால்கள் தூர்ந்தபோது எழுதிப் போட்ட மனுக்கள் தூங்கின. போருக்குக் கடன் மட்டும் உடனே கிடைத்தது. எது எளிதாகக் கிடைத்ததோ அதைப் பிடித்துக்கொண்டு பிழைத்தோம். இதில் எங்கள் பங்கை நாங்கள் மறுக்கவில்லை. அந்தப் பங்கைக் காட்டி மற்ற எல்லோரும் தப்பித்துப் போவதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டோம்.

2025 சீசனில் கல்லாமைக்கு வியாபாரி கேட்ட விலை கிலோவுக்கு நாலு ரூபாய், ஐந்து ரூபாய். பறிப்புக் கூலியும் வண்டி வாடகையும் அதற்கு மேலே. கர்நாடகத்துக்கு மத்திய அரசு விலை வித்தியாசத்தைக் கொடுக்க ஒத்துக்கொண்டது. ஆந்திரத்தில் அரசே கிலோவுக்கு நாலு ரூபாய் போட்டு 12 ரூபாயாக்கியது. நம் முதலமைச்சரும் டெல்லிக்குக் கடிதம் எழுதினார். கடிதம் போய்ச் சேர்வதற்குள் மாங்காய் மரத்தடியில் அழுகியது. பழச்சாறு பானத்துக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது செப்டம்பர் 22இல். அதற்குள் எங்கள் தோப்பில் காயும் இல்லை, பழமும் இல்லை.

விலைக்கும் காட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். அடிவாரத்து மாந்தோப்பு, காட்டுக்கும் ஊருக்கும் நடுவில் போட்ட திண்ணை. குருவியும் தேனீயும் மரநாயும் வந்து தங்கிப் போகிற இடம். தேவாங்குக்கென்று இந்தியாவிலேயே முதல் சரணாலயத்தை 2022 அக்டோபரில் கடவூர்ப் பக்கம் அறிவித்தார்களே, 11,806 ஹெக்டேர், அதில் எங்கள் நத்தம் வட்டமும் சேர்த்தி. குச்சி போல நாலு கால் வைத்து, பெரிய கண்ணை விரித்து, ராத்திரியில் பூச்சி பிடித்துத் தின்னும் அந்தப் பிராணிக்குக் கிளையோடு கிளை தொடுகிற மரம் வேண்டும். தோப்பு அப்படித் தொடும். நஷ்டம் தாங்காமல் ஒருவன் தோப்பை வெட்டி விற்றால் அந்த இடத்தில் வருவது என்ன? கல் நட்ட மனை. மனையில் தேவாங்கு ஏறாது. எங்கள் கழுத்தில் கை வைத்தால் அதன் கழுத்திலும் கை விழும். இதைச் சொல்ல ஆராய்ச்சி வேண்டியதில்லை.

அப்புறம் இந்தப் பாரம்பரியத் தலம் என்ற பலகை. அதுவாவது காப்பாற்றுமா? அரிட்டாபட்டிக்கு 2022 நவம்பரிலேயே அந்தப் பலகை கிடைத்தது. இரண்டே வருஷத்தில், 2024 நவம்பரில், அரிட்டாபட்டியையும் உள்ளே வைத்து 2,015 ஹெக்டேர் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டது மத்திய அரசு. பலகை ஒன்றும் எழுந்து நின்று தடுக்கவில்லை. மேலூர்ச் சனம் தடுத்தது. 2025 ஜனவரி 7இல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கில் நடந்தார்கள். விவசாயி, கடைக்காரர், கைக்குழந்தைக்காரி எல்லோரும். ஜனவரி 23இல் ஏலம் ரத்தானது. அழகர்மலைக்கு அந்தப் பக்கம் நடந்ததை இந்தப் பக்கம் நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். காசம்பட்டிக் காட்டை நாளைக்கும் காக்கப் போவது அதே சம்சாரிகள்தான். அவர்களைப் பட்டினி போட்டுவிட்டு, கேஸ் போட்டு மிரட்டிவிட்டு, காட்டுக்கு மட்டும் பட்டயம் கொடுத்தால் அது எத்தனை நாள் நிற்கும்?

எங்களுக்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை. மலைமேல் உண்ணிச்செடியை வெட்ட எங்கள் ஊர் ஆட்களுக்கே கூலி கொடுங்கள். எந்தச் சரிவில் எந்தப் புல் இருந்தது என்று எங்கள் ஆட்டுக்காரக் கிழவர்களுக்குத் தெரியும். சுனையைத் தூர் வாருங்கள். ஒரு கிலோமீட்டருக்குள் துப்பாக்கி கூடாதென்றால் அந்த ஒரு கிலோமீட்டர் வேலியை அரசே போடட்டும். ஐந்து வருஷக் கன்றுக்கு ஐந்து வருஷ விலை எழுதப் படிவத்தில் ஒரு கட்டம் சேருங்கள். மலையடியில் பாறைக்கு வெடி வைக்க உரிமம் கொடுப்பதற்கு முன்னால், கிணறு பிளக்கப் போகிறவனை ஒரு வார்த்தை கேளுங்கள்.

வனத்துறையிடம் போனால் கனிமவளத்துறை என்கிறார்கள். அங்கே போனால் வருவாய்த்துறை. அங்கிருந்து தோட்டக்கலை. அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன், ஐயா. அடுத்த கிராம சபைக்கு இந்த எல்லாத் துறையிலிருந்தும் ஆள் வாருங்கள். ஒரே நாளில், ஒரே பந்தலில், பக்கத்தில் பக்கத்தில் உட்காருங்கள். ஒருவர் இன்னொருவரைக் கைகாட்ட முடியாதபடி உட்கார்ந்து, எங்களுக்குப் பதில் சொல்லுங்கள்.